எட்டு செகண்ட்ஸ்

உலகத்தில் மற்றவர்களுக்கெல்லாம் செகண்ட் என்பது கடிகாரத்தில் ஓடுகிற முள். திருப்பூர்க்காரர்களுக்கு அது ஓட்டை விழுந்த பனியன். நூல் அறுந்து கண் விட்டது, எண்ணெய்க் கறை பட்டது, இடக்கை ஒரு நிறமும் வலக்கை வேறு நிறமுமாகச் சாயம் பிடித்தது என்று ஏற்றுமதிக்கு ஆகாமல் போகிற துணி எல்லாவற்றுக்கும் இங்கே ஒரே பெயர்தான், செகண்ட்ஸ். காதர்பேட்டையில் அதை மலையாகக் குவித்து வைத்துக் கூவிக் கூவி விற்பார்கள். ஊரில் பாதிப் பேர் அதைத்தான் உடுத்திக்கொண்டு திரிகிறோம், அதில் வெட்கமும் இல்லை. பனியனைப் பார்த்துச் சொல்லும்வரை அது நல்ல சொல்தான்.

குப்பாயிக்கு அந்தச் சொல்லோடு இருபது வருஷப் பழக்கம். அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவள் செக்கிங் பார்க்கிறாள். டியூப்லைட் வெளிச்சம் விழுகிற நீள மேஜைக்கு முன்னால் காலையிலிருந்து பொழுது சாயும்வரை நின்றுகொண்டே செய்கிற வேலை. தைத்து வருகிற டி-சர்ட்டை உதறி விரித்து, முன்பக்கம் பார்த்து, பின்பக்கம் பார்த்து, கழுத்துப்பட்டியை இழுத்து விட்டு, உள்ளே கைவிட்டுத் தையலைத் தடவி, பிசிறு நூலை வெட்டி, மூன்று பெட்டிகளில் ஒன்றில் போடவேண்டும். நல்ல பீஸ் முதல் பெட்டிக்கு. தையல் மட்டும் பிசகியிருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி இரண்டாவது பெட்டிக்கு. அதற்குப் பெயர் ஆல்டர், டெய்லரிடம் திரும்பிப் போய்ச் சரியாகி வந்துவிடும். மூன்றாவது பெட்டி செகண்ட்ஸ். அதற்குள் விழுந்தது விழுந்ததுதான்.

இப்படிக் குற்றம் பார்த்தே பழகிய கண்ணுக்கு மருமகளாக வந்து வாய்த்தவள் ஜெயபாரதி. உடுமலைப்பேட்டையில் கல்லூரியில் படிக்கும்போது எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் மாநிலப் போட்டிவரை போய் வந்தவள். மகன் வேல்குமாருக்குப் பெண் பார்க்கப் போன அன்றைக்கு, கண்ணாடி அலமாரி நிறைய நின்ற கோப்பைகளைப் பார்த்துவிட்டு, பாத்திரமெல்லாம் பளிச்சென்று துலக்கி வைத்திருக்கிறார்கள், நல்ல குடும்பம் என்று குப்பாயி மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். அது ஓடி வாங்கியது என்று தெரிய வந்தபோது தாலி கட்டி ஒரு வாரம் ஆகியிருந்தது.

கல்யாணம், மசக்கை, ஆபரேஷன் செய்து பிறந்த பேரன் முகிலன் என்று இரண்டு வருஷம் போன இடம் தெரியவில்லை. பையன் தவழ ஆரம்பித்த ஒரு விடியற்காலையில் ஜெயபாரதி பரணிலிருந்து பூட்ஸை இறக்கித் தூசு தட்டினாள்.

"ஏனம்மிணி, எங்க பொறப்பட்டுட்டே?" அடுப்படியிலிருந்து குப்பாயி கேட்டாள்.

"சித்த ஓடீட்டு வந்தர்றனுங்கத்தை."

"ஓடறயா? வவுத்தக் கீறிப் புள்ளையெடுத்த பச்ச ஒடம்பு. உளுந்து கெடந்தா ஆரு தூக்கறது?"

"டாக்டரம்மா ஓடலாம்னு சொல்லீட்டாங்கத்தை."

"ஆமா, அந்த டாக்டரம்மா வந்து உனக்குக் கால் புடிச்சு உடுவா."

வேல்குமார் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அடுக்கடுக்காகத் துணியை வைத்து நேர்கோட்டில் அறுப்பவனுக்கு அம்மாவுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவே கோடு போட மட்டும் வராது. ஒரு மாசம் அந்த வீட்டில் காலைச் சோறு பேச்சில்லாமல்தான் வெந்தது. கடைசியில் குப்பாயியே ஒரு வழி சொன்னாள். ஆவணியில் மாவட்டப் போட்டி வருகிறது. அதில் முதல் இரண்டு பேருக்குள் வந்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம், அதன் பிறகு அவள் பாடு. வராவிட்டால் பூட்ஸ் பரணுக்குப் போகும், மருமகள் மாமியாரோடு கம்பெனி வண்டியில் ஏறவேண்டும், பிள்ளை அங்கேயே குழந்தைக் காப்பகத்தில் இருக்கும்.

"ஒரே போட்டி. அத்தோட செரி," என்றாள் குப்பாயி.

"செரிங்கத்தை," என்றாள் ஜெயபாரதி. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் துவைத்த துணியைப் பிழிந்த பிழியில் முறுக்கு அடுத்த நாள்வரை அவிழவில்லை.

ஆனி மாசக் கடைசியில் ஒரு நாள் முகிலன் விடியுமுன்னே எழுந்துகொண்டான். புட்டிப்பாலைக் கொடுத்தால் துப்பினான், தோளில் போட்டால் நெளிந்தான். வேறு வழியில்லாமல் குப்பாயி அவனைத் தூக்கிக்கொண்டு மருமகள் ஓடுகிற பள்ளிக்கூட மைதானத்துக்கு நடந்தாள். அங்கே அவள் அதுவரை கால் வைத்ததில்லை. வேலியோரம் கோச் செல்வக்குமார் கழுத்தில் எதையோ மாட்டிக்கொண்டு நின்றார். தூரத்தில் ஜெயபாரதி முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

கோச் பக்கத்தில் நின்ற உதவிக் கோச் மைதிலியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஜெயபாரதி எட்டு செகண்ட்ஸ், மைதிலி. புள்ள பெத்ததுக்கப்பறம் இப்பிடி ஆயிப்போச்சு. இப்பிடியே இருந்தா ஆவணிக்குத் தேறாது."

குப்பாயிக்குக் காதில் விழுந்தது அவ்வளவுதான். அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். எட்டு செகண்ட்ஸ். ஒரு பீஸில் ஒரு ஓட்டை இருந்தால் செகண்ட்ஸ். அவள் வேலை பார்த்த இருபது வருஷத்தில் ஒரே பீஸில் எட்டுக் குற்றம் பார்த்ததே இல்லை. பிள்ளை பெற்ற உடம்பை விரித்து, முன்னும் பின்னும் பார்த்து, எட்டுக் குற்றம் எண்ணிக் கழித்துவிட்டானே இந்த மனுஷன்!

பையனை மருமகளிடம் கொடுத்துப் பசியாற்றி, வாயைத் திறக்காமல் வீட்டுக்குக் கூட்டி வந்து, கம்பெனி வண்டியைப் பிடித்தாள். அன்றைக்கு மேஜையில் அவள் துணியை உதறிய சத்தம் தையல் மிஷின் சத்தத்துக்கு மேலே கேட்டது.

"என்ன மதினி, மூஞ்சி உர்ருனு இருக்கு?" என்று கேட்டாள் எதிரில் நின்ற மருதம்மாள். தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள்.

"எம்பட மருமவளச் செகண்ட்ஸ்னு சொல்லிப்போட்டானுங்க."

மருதம்மாளின் கத்தரிக்கோல் நின்றது. "யாரு?"

"அந்தக் கோச்சு. ஒண்ணில்ல, எட்டாமா!"

"அவன் கெடக்கான் விடு மதினி. நீதான அவ ஓடவே கூடாதுன்னு குதிச்ச? இப்ப நல்லதாப் போச்சுன்னு நெனச்சுக்க."

"நாஞ் சொல்லுவனாக்கும். ஊட்டுல இருக்கறவ ஆயிரஞ் சொல்லுவா. சொல்றதுக்கு அவன் ஆரு?"

சொல்லிவிட்டாள், ஆனால் நெஞ்சு ஆறவில்லை. அதற்கு வேறு காரணம் இருந்தது. குப்பாயிக்கு முன்னால் பிறந்த மூன்று குழந்தைகள் தங்கவில்லை. அதனால் இவள் பிறந்ததும் வெள்ளகோவில் பக்கத்துக் காட்டில் குப்பைமேட்டில் ஒரு உருட்டு உருட்டி எடுத்து, சாமிக்கும் எமனுக்கும் இது வேண்டாத சரக்கு என்று காட்டி, குப்பாயி என்று பெயர் வைத்தார்கள். உயிர் தங்கிவிட்டது, பெயரும் தங்கிவிட்டது. யாராவது பெயர் கேட்டால் இன்றைக்கும் பாதியை விழுங்கித்தான் சொல்லுவாள். கழித்துப் போட்ட பெயரோடு காலம் தள்ளுவது என்னவென்று அவளுக்குத் தெரியும். தன் வீட்டுக்கு வந்த பெண்ணுக்கும் அப்படி ஒன்று ஒட்டிக்கொள்ள அவள் விடுவதாக இல்லை.

மறுநாள் விடிந்ததும் மருமகள் வருமுன்னே குப்பாயி மைதானத்தில் நின்றாள். கொங்கு நாட்டுக் கோபத்துக்கு ஒரு குணம் உண்டு. எவ்வளவுதான் தலைக்கேறினாலும் 'ங்க' மட்டும் விழாது.

"ஏனுங் சார், உங்களத்தானுங்க. கொஞ்சம் இப்பிடி வாங்க."

செல்வக்குமார் வந்தார். "சொல்லுங்கம்மா."

"எம்பட மருமவளப் பாத்து நேத்து என்னங்க சொன்னீங்க? எட்டு செகண்ட்ஸ்னு சொன்னீங்களா இல்லீங்களா?"

"ஆமாங்க, சொன்னனுங்க."

"சொன்னேன்னு வேற சொல்றீங்க! உங்களுக்கு நாக்குல நரம்பு இல்லீங்களா? புள்ளப் பெத்தா ஒடம்பு முன்னப் பின்னதாங்க இருக்கும். உங்களப் பெத்தவிய செகண்ட்ஸாயிட்டாங்களா?"

கோச் திருதிருவென்று விழித்தார். ஜெயபாரதி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "அத்தை, அத்தை, என்னாச்சுங்க?"

"நீ சும்மா இரு அம்மிணி." குப்பாயி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்து, அதற்குள்ளிருந்து சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் அட்டையை உருவினாள். "இந்தாங்க. எட்டு இருக்குதுன்னு எண்ணித்தானுங்களே சொன்னீங்க? எங்கெங்க இருக்குதுன்னு ஒட்டிக் காமிங்க பாக்கலாம்."

செல்வக்குமார் அந்த அட்டையைப் பார்த்தார். அவர் திருப்பூரில் பிறந்து வளர்ந்த ஆள், அவருடைய அம்மாவும் பனியன் கம்பெனிக்குப் போனவர்தான். விஷயம் உள்ளே இறங்கியதும் அவர் முகம் ஒரு மாதிரி கோணியது. பிறகு அங்கிருந்த தண்ணீர்த் தொட்டித் திண்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மைதிலி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். குப்பாயிக்கு ஒன்றும் புரியவில்லை. சிரிக்கிறவனை எப்படித் திட்டுவது?

"அம்மா, அது இந்தச் செகண்ட்ஸுங்க," என்று அவர் கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சைக் காட்டினார். "நேரமுங்க. முன்ன ஓடுனதவிட இப்ப எட்டு செகண்ட் சேத்தி ஆவுது. அதத்தான் சொன்னனுங்க."

குப்பாயி வாட்சைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், மறுபடி வாட்சைப் பார்த்தாள். காது மடல் சுட்டது. ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிற ஆள் இல்லை அவள்.

"அப்ப அது ஓட்டை இல்லீங்களா?"

"இல்லீங்கம்மா."

"செரி பண்ணுனா ஆயிருமுங்களா?"

"பண்ணுனா ஆயிருமுங்க."

"அப்பொறமென்னங்க? அதுக்குப் பேரு செகண்ட்ஸ் இல்லீங்க. ஆல்டரு."

"ஆமாங்க, ஆல்டருதானுங்க," என்று செல்வக்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

ஜெயபாரதிக்கும் கண்ணில் தண்ணீர் நின்றது. அது சிரித்ததில் வந்தது மட்டும் இல்லை. பூட்ஸைப் பரணில் போடச் சொன்ன மாமியார் தனக்காக ஒருவரிடம் சண்டைக்கு நிற்பதை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

இருவரும் ஒன்றாக வீட்டுக்கு நடந்தார்கள். கம்பெனி வண்டிகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. பேக்கரி வாசலில் டீ குடித்துக்கொண்டு நின்ற வடநாட்டுப் பையன்கள் குழந்தையைப் பார்த்துக் கையாட்டினார்கள்.

"அத்தை, அந்த எட்டு செகண்ட் ஏன்னு கோச்சுக்குத் தெரியாதுங்க," என்றாள் ஜெயபாரதி திடீரென்று.

"ஏங் கண்ணு?"

"கடைசியில வேகம் எடுத்தா..." அவள் ரோட்டைப் பார்த்துச் சொன்னாள். "மூத்திரம் கசியுதுங்கத்தை. ஆராச்சும் பாத்துருவாங்களோன்னு காலு தானாச் சுருங்கிக்குது. உங்க மவங்கிட்ட கூடச் சொல்லுலீங்க."

குப்பாயி நின்றாள். பேரனைத் தன் தோளுக்கு வாங்கிக்கொண்டாள்.

"எனக்கும் அப்பிடித்தான் அம்மிணி. வேலு பொறந்ததுல இருந்து. மேசையில நிக்கறப்ப ஒரு தும்மல் வந்தா ஈரமாயிப் போயிரும். ஆருகிட்டச் சொல்றது? புள்ளப் பெத்தா இதுவுஞ் சேத்தித்தான்னு இருந்துட்டேன்."

"இத்தன வருசமாவாங்க?"

"இத்தன வருசமாத்தான்."

அந்த வாரமே இரண்டு பேரும் ஒன்றாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. இது பாதிப் பெண்களுக்கு இருக்கிறது, வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான் என்றார். அடிவயிற்றுக்குக் கீழே சதையை இறுக்கிப் பிடித்து மெதுவாக விடுகிற பயிற்சியை ஒரு பெண் சொல்லிக்கொடுத்தாள். யாருக்கும் தெரியாமல் எங்கே வேண்டுமானாலும் செய்யலாம் என்றாள். அன்றிலிருந்து ஜெயபாரதி மைதானத்தில் செய்தாள், குப்பாயி செக்கிங் மேஜையில் நின்றபடியே செய்தாள். ஒரு பீஸ் எடுத்தால் இறுக்கம், பெட்டியில் போட்டால் தளர்ச்சி. மதினி ஏன் இப்படி விறைத்து விறைத்து நிற்கிறாள் என்று மருதம்மாளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

ஆடி பிறந்து காற்று கிளம்பியது. உடுமலைப் பக்கமெல்லாம் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு வருகிற காற்று, திருப்பூருக்குள் வரும்போது வழியில் கிடக்கிற பஞ்சுத்தூசியையும் பாலிதீன் பையையும் சேர்த்து வாரிக்கொண்டு வரும். அதை எதிர்த்து ஓடுவது பெரும்பாடு. குப்பாயி நாள் தவறாமல் பேரனோடு மைதானத்துக்குப் போனாள். அரிசிம்பருப்புச் சோறும் கொள்ளு ரசமும் தூக்குப்போசியில் போகும். மூலனூர்ப் பக்கமிருந்து வருகிற முருங்கைக்கீரையைப் பொரித்து, பால் ஊறட்டும் என்று மருமகள் வாய்க்கே கொண்டுபோவாள். ஓட்டம் முடிந்ததும் கோச் வாட்சைப் பார்ப்பார், குப்பாயி கோச்சைப் பார்ப்பாள்.

"எத்தன பீஸுங்க பாக்கி?"

"ஆறுங்கம்மா."

இன்னொரு நாள், "நாலுங்கம்மா." அதன் பிறகு பல நாள் நாலிலேயே நின்றது. ஜெயபாரதி மைதானத்தில் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "இதுக்கு மேல வராதுங்கத்தை," என்றாள் ஒரு நாள். குப்பாயி அவளைத் தேற்றவில்லை. தேற்றி அவளுக்குப் பழக்கமும் இல்லை. "எந்திரிச்சுச் சோறு தின்னு," என்றாள். ஆனால் அன்றைக்குக் கம்பெனியில் ஒரு ஆல்டர் பீஸ் மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தபோது, அதைச் செகண்ட்ஸ் பெட்டிக்குள் எறியாமல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினாள்.

போட்டி ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை. கம்பெனியில் அன்றைக்கும் வேலை வைத்திருந்தார்கள்.

"கன்டெய்னர் வந்து நிக்குதுங்க்கா. நீங்களே வல்லீன்னா எப்பிடிங்க?" என்றார் சூப்பர்வைசர் அப்புசாமி.

"நிக்கட்டுமுங்க. எம்பட ஊட்டுல ஒண்ணு ஓடுது."

பெண்கள் எண்ணூறு மீட்டர் காலையிலேயே என்று சொல்லியிருந்தார்கள். தலைமை விருந்தினர் வரவில்லை. வெயில் ஏறியது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் குப்பாயியும் வேல்குமாரும் பிள்ளையோடு நின்றார்கள். அந்தப் பக்கம் காலேஜ் பெண்களுக்கு நடுவே ஜெயபாரதி இரண்டு கையையும் மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டு நின்றதைக் குப்பாயி பார்த்தாள். பால் கட்டிக்கொண்டது. பையனுக்கும் அது தெரிந்ததுபோல வீறிட்டான்.

குப்பாயி கயிற்றைத் தூக்கினாள். தொண்டர் பெண் ஒருத்தி மறித்தாள். "உள்ள வரக்கூடாதுங்க. ஆருங்க நீங்க, பேரென்னுங்க?"

"குப்பாயி!" என்றாள் அவள். ஒரு எழுத்தையும் விழுங்கவில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "ஓட்டக்காரியோட மாமியா. இவன் ஓட்டக்காரியோட மவன். இவனுக்குப் பசிக்குது, அவளுக்குக் கட்டிக்கிச்சு. உடு கண்ணு."

அந்தப் பெண் விட்டுவிட்டாள். ஷாமியானாவின் பின்புறம் குப்பாயி தன் முந்தானையை விரித்துத் திரைபோலப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பக்கம் குடித்து முடிக்குமுன்னே மைக்கில் கூப்பிட்டுவிட்டார்கள். ஜெயபாரதி அவசரமாக எழுந்தபோது மறுபக்கம் நீலப் பனியன் வட்டமாக நனைந்திருந்தது.

"அத்தை, கறை பட்டுப்போச்சுங்க. எல்லாரும் பாப்பாங்க."

இருபது வருஷமாகக் கறையைக் கண்டுபிடித்துக் கழித்த கண் அதை ஒரு தரம் பார்த்தது.

"பாலு எப்பக் கண்ணு கறையாச்சு? போ. ஓடு."

துப்பாக்கி வெடித்தது. முதல் சுற்றில் ஜெயபாரதி கூட்டத்தின் வாலில்தான் போனாள். முன்னால் ஓடிய பெண்கள் வயசுக் காற்றில் மிதந்து போனார்கள். வேல்குமார் நகத்தைக் கடித்தான். "போச்சும்மா," என்றான். குப்பாயி பேரனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மணி அடித்துக் கடைசிச் சுற்று ஆரம்பித்தது. அந்தத் திருப்பத்தில் ஜெயபாரதி ஒருத்தியைத் தாண்டினாள். எதிர்ப்பக்க நேர்கோட்டில் இன்னும் இரண்டு பேரை. கடைசி நேர்கோட்டில் திரும்பியதும் காற்று முகத்தில் அடித்தது, முன்னால் போன பெண்கள் அதில் முட்டித் தடுமாறினார்கள். ஆடி முழுக்க அந்தக் காற்றைத் தின்று வளர்ந்தவளுக்கு அது பழகிய காற்று. அங்கேதான் அவள் கால் சுருங்கும். குப்பாயிக்கு அது தெரியும், அந்த மைதானத்தில் வேறு யாருக்கும் தெரியாது. தன் அடிவயிற்றையே இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் கத்தினாள்:

"பயப்படாத அம்மிணி! ஆனா ஆயிட்டுப் போவுது! ஓடு!"

கால் சுருங்கவில்லை. நீண்டது. நனைந்த பனியனோடு, வாயைத் திறந்தபடி, அழகு பார்க்காமல் ஓடி வந்தாள் ஜெயபாரதி. இன்னொருத்தியைத் தாண்டினாள். கோட்டுக்குப் பக்கத்தில் மேலும் ஒருத்தியோடு தோளோடு தோள் உரசி, நெஞ்சை முன்னே கொடுத்து விழுந்தாள்.

மைக் கரகரத்தது. முதலில் வந்த காலேஜ் பெண்ணின் பெயரைச் சொன்னார்கள். பிறகு, "செகண்ட்... ஜெயபாரதி!"

செல்வக்குமார் வாட்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "எட்டும் போச்சுங்கம்மா! அதுக்கு மேல ஒண்ணுஞ் சேத்திப் போச்சுங்க!" வேல்குமார் கயிற்றைத் தாண்டிப் போய்ப் பொண்டாட்டியைத் தூக்கி நிறுத்தினான். அவள் முதலில் பிள்ளையைத்தான் வாங்கினாள், அந்த மறுபக்கத்துப் பாலை அங்கேயே உட்கார்ந்து கொடுத்தாள். குப்பாயி மறுபடியும் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு, அதன் மறைவில் நன்றாக அழுதாள்.

திங்கட்கிழமை காலை குப்பாயி தூக்குப்போசி நிறைய இனிப்பு ஒப்புட்டோடு செக்கிங் ஹாலுக்குள் வந்தாள்.

"என்ன மதினி, நேத்து என்னாச்சு?" என்றாள் மருதம்மாள்.

"எம்பட மருமவ செகண்டு!" மேஜையின் கடைசிவரை கேட்டது.

கத்தரிக்கோல்கள் நின்றன. "அடப்பாவி, அந்தாளு மறுபடியும் சொல்லிட்டானா?"

"அவுரு மட்டுமா? மைக்கப் போட்டு ஊருக்கே சொன்னாங்க." குப்பாயி அந்த அமைதியைக் கொஞ்ச நேரம் ருசித்துவிட்டுப் போசியைத் திறந்தாள். "மொத ரெண்டு பேருக்குள்ள வந்துட்டா. ஸ்டேட்டுக்குப் போறா எம்பட புள்ள. இந்தா, எடு."

ஞாயிற்றுக்கிழமை லீவுக்காகத் திட்ட வந்த அப்புசாமிக்கும் இரண்டு ஒப்புட்டு கிடைத்தது, திட்ட வாய் மிச்சமில்லை. அன்றைக்குப் பொழுது சாயும்வரை மூன்றாவது பெட்டியில் பீஸ் விழும்போதெல்லாம் குப்பாயிக்குச் சிரிப்பு வந்தது. என்ன சிரிப்பு என்று யார் கேட்டாலும், "செகண்டு," என்று சொல்லிவிட்டு அடுத்த பனியனை உதறினாள்.